வழக்கு முடியும் வரை: ரொறன்ரோவின் தமிழ்ச் சேவையகங்கள் பற்றிய நினைவுகள்

புதிய நாடொன்றில் வந்திறங்குவோர் வீடு பிடிக்கவும், மொழி கற்கவும், வேலை தேடவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் அளிக்கப்படும் உதவிகள் கனடாவின் நிருவாக வழக்கில் குடியமர்வுச் சேவைகள் எனப்படுகின்றன. இவற்றை மத்திய அரசு பெரும்பாலும் தன் அலுவலர்களைக் கொண்டு நடத்துவதில்லை. 1974இல் தொடங்கிய குடியமர்வு, இசைவாக்கத் திட்டத்தின்கீழ் சமூக அமைப்புகளுக்குப் பணம் கொடுத்து அவற்றின் வழியாகவே நடத்திவந்தது. புதியவர்களுக்கான மொழிப் பயிற்சித் திட்டமும் 1992இல் இதே முறையில் வந்து சேர்ந்தது. பிற நாட்டு ஆய்வாளர் பாராட்டி எழுதும் இந்த ஏற்பாட்டில் ஒரு விதி மட்டும் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே ஒதுங்கிவிடுகிறது. நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களும் அகதிகள் என ஏற்கப்பட்டவர்களுமே இச்சேவைகளுக்கு உரியவர்கள். அகதிக் கோரிக்கையைக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர் இந்தக் கணக்கில் வருவதில்லை. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்த ஈழத்தமிழரில் மிகப் பலர் இவ்வாறு காத்திருந்தவர்களே என்பதால், அவர்களிடையே குடியமர்வுச் சேவை விதிக்கு வெளியே பிறந்து நெடுங்காலம் அங்கேயே வளர்ந்தது. அக்காலத்தில் சிறியதொரு சேவையகத்தில் தன்னார்வ மொழிபெயர்ப்பாளராக இருந்த இக்கட்டுரையாளரின் நினைவுகள் அந்த வளர்ச்சியின் ஒரு மூலையை மட்டுமே தொடுகின்றன.

ஈழத்தமிழருக்குச் சற்று முன்னர் வந்த இந்தோசீன அகதிகளின் வருகையோடு ஒப்பிட்டால் அந்த மூலை தெளிவாகத் தெரியும். 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம், ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ கூடி ஓர் அகதிக் குடும்பத்தின் ஓராண்டுச் செலவைப் பொறுப்பேற்க இடமளித்தது. மெனோனைட் சபையினர் 1979 மார்ச்சில் இதற்கான முதல் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அவ்வாண்டும் அதற்கு அடுத்த ஆண்டும் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரை இப்படித் தனியார் குழுக்களே அழைத்துக்கொண்டன. விமான நிலையத்தில் அவர்களுக்காகக் குளிர் அங்கியோடு காத்திருக்க ஆள் இருந்தது. பல் மருத்துவரிடம் கூட்டிச்செல்வது யார், பிள்ளையைப் பள்ளியில் பதிவது யார் என்பதெல்லாம் தேவாலய மண்டபங்களில் முன்னரே பிரித்துக்கொடுக்கப்பட்டிருந்தன. இந்தப் பணிக்காக ஐக்கிய நாடுகளின் நான்சன் பதக்கம் 1986இல் கனடிய மக்கள் அனைவருக்குமாக வழங்கப்பட்டது.

அதே 1986ஆம் ஆண்டின் ஓகஸ்ட் 11ஆம் நாள் நியூபவுண்லாந்தின் சென்ற் சொட்ஸ் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை கஸ் டோல்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் கண்டு மற்றப் படகுகளையும் அழைத்துக் காப்பாற்றினார். சென்ற் ஜோன்ஸ் நகர மக்கள் உடுப்பும் உணவும் கொடுத்தனர். காப்பாற்றப்பட்டவர்கள் தாம் முதலில் சொன்னதுபோல இந்தியாவிலிருந்தன்றி மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலேறியவர்கள் என்பது சில நாள்களில் தெரியவந்தபோது பத்திரிகைகளின் தொனி மாறியது. பிரதமர் பிரயன் மல்ரோனியின் அரசு அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்து ஓராண்டு அனுமதி வழங்கியது. மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும் அவர்கள் பிரிந்து சென்றனர். அழைத்துவரப்பட்ட அகதிக்குப் பதக்கமும், தானாக வந்த அகதிக்குச் சந்தேகமும் ஒரே ஆண்டில் கிடைத்ததைத் தற்செயல் என்று மட்டும் கொள்வதற்கில்லை. அதற்கு முந்திய ஆண்டின் ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழங்கிய சிங் தீர்ப்பு, கனடிய மண்ணில் கால்வைத்த எவரும், குடியுரிமை இல்லாவிடினும், தம் அகதிக் கோரிக்கையை நேரில் வாய்மொழியாக எடுத்துரைக்க உரிமையுடையவர் என்று நிலைநாட்டியிருந்தது. தானாக வந்தவரின் சட்டவழி இந்தத் தீர்ப்பால் திறந்தது. அதே தீர்ப்பினால் தேங்கிய வழக்குகள் குவிந்து, காத்திருப்பு மாதக் கணக்கிலிருந்து ஆண்டுக் கணக்குக்கு நீண்டது. 1989 சனவரியில் குடிவரவு, அகதிகள் சபை என்னும் தனித் தீர்ப்பாயம் அமைந்த பிறகும் பழைய தேக்கம் கரைய நெடுநாள் பிடித்தது.

தரைவழி வந்தோர் கதை இன்னொன்று. 1987 பெப்ரவரி 20 முதல், அமெரிக்க எல்லையில் அகதிக் கோரிக்கை வைப்போரை, விசாரணைத் தேதி குறித்துக் கொடுத்து அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பும் வழக்கம் தொடங்கியது. எல்லைக்கு அப்பால் பஃபலோ நகரில் கன்னியர் 1984இல் தொடங்கியிருந்த விவே என்ற புகலில்லத்தில் பாயும் போர்வையும் பெற்றுத் தேதிக்காகக் காத்துக் கிடந்தவர்களில் தமிழர் பலர். ரொறன்ரோவின் சேவையகங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரு பகுதி அங்கிருந்தே வந்தது. அழைப்பவரின் கேள்வி பெரும்பாலும் தமக்கான தங்குமிடம் பற்றியதாக அன்றி, முன்னரே கடந்துபோன தம்பியோ மச்சானோ எங்கே இருக்கிறான் என்பதாக இருந்தது.

இத்தகைய கேள்விகளை ஏற்றுக்கொண்ட இடங்கள் பல வகைப்பட்டவை. 1978இல் ரொறன்ரோவில் அமைக்கப்பட்ட கனடா தமிழீழச் சங்கம் காலப்போக்கில் முறையான குடியமர்வு நிறுவனமாக வளர்ந்தது. அதற்கு அப்பால் ஊர்ச் சங்கங்கள், கல்லூரிப் பழைய மாணவர் சங்கங்கள், கோயில்கள், தேவாலயங்கள், சில வேளைகளில் ஒரு பலசரக்குக் கடையின் காசு மேசைகூட இதே பணியைச் செய்தன. கட்டுரையாளர் பணியாற்றிய இடம் நகர மையத்தின் வெலஸ்லி, பார்லிமென்ட் தெருக்களை ஒட்டி, கடையொன்றின் மேல்மாடியில் இரண்டு அறைகளாக இருந்தது. 1960களில் எழுந்த சென்ற் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகள் அருகிலேயே நின்றதால், ஓரறை வீட்டில் ஐந்தாறு இளைஞர் சேர்ந்து வாழ்ந்த அக்காலத்தில், மாலை நேரத்தில் மாடிப்படியில் வரிசை நிற்பது வழமை. மேசைகள் யாரோ கைவிட்டவை; நகலெடுக்கும் இயந்திரம் மட்டும் புதியது, அதுவும் தவணைப் பணத்தில் வாங்கியது. சுவரில் சுரங்க ரயில் வரைபடமும், பேருந்து மாறும்போது வாங்கவேண்டிய மாற்றுச் சீட்டைப் பற்றிய தமிழ் விளக்கமும் ஒட்டப்பட்டிருந்தன. பொறுப்பாக இருந்தவர் ஊரில் கணித ஆசிரியராக இருந்து, இங்கே இரவில் தொழிற்சாலையில் நின்றுவிட்டு, பகலில் இரண்டு மணி நேரம் மட்டுமே உறங்கி வந்து படிவம் நிரப்பினார். அரசிடமிருந்து பணம் பெறும்போது எத்தனை நிரந்தர வதிவாளருக்கு உதவி செய்யப்பட்டது என்ற கணக்கே கேட்கப்பட்டதால், படியில் நின்றவர்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கில் ஏறாமலே உதவி பெற்றுப்போயினர்.

படிவம் நிரப்புவதென்பது வெளியாருக்கு எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். ஆனால் முதல் இரண்டு கட்டங்களிலேயே சிக்கல் தொடங்கிவிடும். முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டைக் கேட்கும் படிவத்தில், தகப்பன் பெயரை முன்னால் வைத்துத் தன் பெயரைப் பின்னால் எழுதும் யாழ்ப்பாண வழக்கு அப்படியே ஏறினால், ஒருவருடைய சொந்தப் பெயர் அவருடைய குடும்பப் பெயராகிவிடும். அவருடைய பிள்ளைக்கு அவர் பெயர் குடும்பப் பெயராகும். மனைவிக்குக் கடவுச்சீட்டில் கணவன் பெயரும், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரும் நிற்கும். அண்ணனும் தம்பியும் வெவ்வேறு ஆண்டுகளில் பணம் பெற்று ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வெவ்வேறு முகவர்கள் வழியாக வந்து, வெவ்வேறு அலுவலரிடம் பெயரைச் சொல்லி, இரண்டு குடும்பத்தவராகப் பதிவான நிகழ்வுகள் அரியவை அல்ல. இந்தப் பிழை வந்த அன்று எவரையும் வருத்தாது. ஐந்தாறு ஆண்டு கழித்துத் தாயை வரவழைக்க விண்ணப்பிக்கும்போது, இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குச் சத்தியக் கடதாசிகள் திரட்ட வேண்டிவரும். ஆகவே, அனுபவம் மிக்க சேவையாளர் எவரும் வந்தவரிடம் முதலில் கேட்பது, முன்னர் எங்கெங்கே எந்த எழுத்துக்கூட்டில் பெயர் எழுதப்பட்டது என்பதுதான். ஒருமுறை எழுதப்பட்ட பிழையைத் திருத்துவதைவிட, அதையே எல்லா இடத்திலும் ஒரே மாதிரியாகத் தொடர்வது பாதுகாப்பு என்பதை அவர்கள் தொழிலறிவாகக் கற்றிருந்தனர்.

அதைவிடக் கடினமானது தன்விபரப் படிவம். கோரிக்கையாளர் தமக்கு நேர்ந்தவற்றை நாள்வரிசையில் எழுதிக் கொடுக்கவேண்டிய, பிற்காலத்தில் 28 நாள்களுக்குள் சமர்ப்பிக்கவேண்டியதாக இருந்த அந்த ஆவணத்தின் மீதே விசாரணை முழுவதும் நின்றது. சட்ட உதவித் திட்டத்தில் வழக்கறிஞர் கிடைத்தாலும், அவர் ஒதுக்கக்கூடிய நேரத்தில் ஒரு வாழ்க்கையைக் கேட்டு முடிக்க இயலாது. அதனால் முதற்கட்ட எழுத்துவேலை சேவையக மேசைக்கே வந்தது. ஐக்கிய நாடுகளின் 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை, இனம், மதம், தேசியம், குறித்த சமூகக் குழுவொன்றில் உறுப்புரிமை, அரசியற் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுள் ஒன்றினால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் உடையவரையே அகதி என்கிறது. ஆனால் மேசைக்கு முன்னால் அமர்ந்தவர் ஐந்து காரணங்களாகப் பிரித்துத் துன்பப்பட்டவர் அல்லர். அவருக்குத் தேதிகளும் நினைவில் இரா. நல்லூர்த் திருவிழாக் கொடியேறிய கிழமை, சோளகம் பெயர்ந்த நேரம், மூத்தவளுக்குச் சோதனை நடந்த மாதம் என்றே அவர் காலத்தை அறிவார். தீர்ப்பாய உறுப்பினரோ நாளும் மாதமும் கேட்பார், படிவத்தில் ஒன்றும் விசாரணையில் வேறொன்றும் வந்தால் நம்பகமற்றவர் என்று தீர்ப்பெழுதுவார். இதற்காகவே அந்த மேல்மாடியில் ஒரு தாள் சுவரில் தொங்கியது. யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 யூன், கலவரம் நடந்த 1983 யூலை, வடமராட்சித் தாக்குதல் நடந்த 1987 மே, இந்தியப் படை வந்திறங்கிய அவ்வாண்டின் யூலை இறுதி, அதனோடு சண்டை மூண்ட ஒக்டோபர், மீண்டும் போர் வெடித்த 1990 யூன் என்று எல்லாருக்கும் தெரிந்த நிகழ்வுகளை ஆண்டு மாதத்தோடு எழுதி வைத்து, ஒவ்வொருவரும் தம்முடைய நிகழ்வு அவற்றுக்கு முன்னா பின்னா என்று சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கப்பட்டது. எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத இந்த முறையைக் கண்டுபிடித்தவர் யார் என்று இன்று எவராலும் சொல்ல முடியாது. வேறு சேவையகங்களிலும் இதைப் போன்ற தாள்கள் தொங்கியதாக அங்கு பணியாற்றியோர் நினைவுகூர்கின்றனர்.

1990களின் தொடக்கத்தில் விசாரணைகளில் புதிய கேள்வி ஒன்று முன்வந்தது. யாழ்ப்பாணத்தில் வாழ இயலாவிடின் கொழும்பில் வாழலாமே என்பது அந்தக் கேள்வி. உள்நாட்டு மாற்றுப் புகலிடம் என்று சட்டத்தில் இதற்குப் பெயர். இக்கோட்பாட்டின் அளவுகோல்களை வகுத்த முதன்மையான இரு தீர்ப்புகளும் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் 1991இலும் 1993இலும் தமிழர் இருவருடைய வழக்குகளிலேயே வந்தன. அதன்பிறகு, கொழும்பு விடுதியில் எத்தனை நாள் தங்கினார், பொலிஸ் பதிவு செய்தாரா, சுற்றிவளைப்பில் பிடிபட்டாரா என்பனவும் நாள்வரிசையில் சேர்க்கப்பட்டன.

மொழிபெயர்ப்பாளரின் இடம் இவ்வெல்லாவற்றிலும் இடர்ப்பாடானது. கோரிக்கையாளர் தன்மையில் பேசினால் தன்மையிலேயே பெயர்க்கவேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது என்ற விதி கற்பதற்கு எளிது. விதியில் எழுதப்படாத சிக்கல், தமிழ் தெரிந்தவர் தமிழராகவே இருப்பார் என்பதில் இருந்தது. இராணுவத்தால் துன்புற்றதை ஒளிவின்றிச் சொன்ன பலர், ஆயுதமேந்திய தமிழ் இயக்கங்களுள் ஏதாவது ஒன்றால் நேர்ந்ததைச் சொல்லவேண்டிய இடம் வந்ததும் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைப் பார்த்தனர். அண்ணை எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, விடையைக் கேட்டபின் பேச்சைச் சுருக்கினர். சேவையகங்களின் சுவர்களில் தொங்கிய நாள்காட்டிகளும் நினைவுநாள் அறிவித்தல்களும் இந்தத் தயக்கத்தை வளர்த்தனவேயன்றிக் குறைக்கவில்லை. பெண்கள் தம் உடலுக்கு நேர்ந்ததை ஊரறிந்த ஆணொருவர் வாய்வழியாகச் சொல்லவேண்டியிருந்தது இன்னும் கொடியது. அவ்வாறானோர் சிலர் தமிழே தெரியாத கன்னியரிடம் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி அழுதனர் என்பதும், அந்த அரைகுறை வாக்குமூலமே வழக்கறிஞருக்கு எட்டியது என்பதும் மறைக்கப்படவேண்டிய செய்திகள் அல்ல. தன் சமூகத்தாரே தன்னவருக்குச் சேவை செய்வதே சிறந்தது என்ற கருத்து குடியமர்வுத் துறையில் இன்று ஏறத்தாழ ஒரு சூத்திரமாகிவிட்டது. அது பெரும்பாலும் உண்மை, ஆனால் போரிலிருந்து வந்த சமூகத்துக்கு எப்போதும் உண்மையன்று.

வேலை பற்றிச் சொல்ல அதிகமில்லை. 9 என்ற இலக்கத்தில் தொடங்கும் சமூகக் காப்புறுதி எண் தற்காலிகமாக இருப்பவருக்கு உரியது என்பதை வேலைகொடுப்போர் அறிந்திருந்தனர். உணவகத்தில் கோப்பை கழுவுதல், இரவுத் துப்புரவு, ஏஜென்சி வழியான தொழிற்சாலை நாட்கூலி ஆகியவை அந்த எண்ணுக்குத் திறந்த கதவுகள். முகவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்ததால் தெரிவு செய்ய நேரமும் இல்லை. வங்கிக் கடன் எட்டாத நிலையில், ஊரிலிருந்து கூடவே வந்த சீட்டுப் பிடிக்கும் வழக்கமே இவர்களுடைய முதல் நிதி நிறுவனமாயிற்று. சீட்டைக் கழித்து முகவர் கடனை அடைத்தவர்களும், சீட்டு முறிந்து நட்பை இழந்தவர்களும் உண்டு. சேவையகங்கள் இதில் தலையிடுவதில்லை என்று சொல்லிக்கொண்டாலும், முறிந்த சீட்டின் வழக்குகள் கடைசியில் அதே மாடிப்படி ஏறியே வந்தன.

அகதியென ஏற்கப்பட்ட நாளில், விதிப்படி குடியமர்வுச் சேவை பெறும் உரிமை தொடங்கியது. அந்நாளில் அவர்களுக்குப் பேருந்து வழியும் தெரியும், வாடகைச் சட்டமும் தெரியும். அப்போது தேவைப்பட்டதெல்லாம், கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் காத்திருந்த மனைவி பிள்ளைகளை அழைப்பதற்கான பணம். 1995 பெப்ரவரியில் வளர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் 975 டொலர் வதிவுரிமைக் கட்டணம் விதிக்கப்பட்டபோது, ஏற்கெனவே இருந்த 500 டொலர் விண்ணப்பக் கட்டணத்தோடு சேர்ந்து அது குடும்பங்கள் ஒன்றிணைவதைத் தாமதப்படுத்தியது. அகதிகளுக்கு இக்கட்டணம் 2000ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் தந்தை முகம் அறியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு எவ்விதத் திருப்பிக் கொடுத்தலும் இல்லை.

குடும்பங்கள் வந்து, குடியிருப்பு ஸ்காபரோவுக்கும் பின்னர் மார்க்கம் நகருக்கும் நகர்ந்தபோது, வரிசையில் நின்றவர்கள் முதியவர்களாயினர். பிள்ளைகளின் பொறுப்பில் வந்த பெற்றோருக்குப் பொறுப்புக்காலம் அப்போது பத்து ஆண்டாக இருந்தது; முதியோர் ஓய்வூதியம் பெறவும் பத்து ஆண்டு வதிவு தேவை. இந்தப் பத்தாண்டில் அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிலவறை வீடுகளில் இருந்தனர். குளிர்காலத்தில் கடைத்தொகுதிகளின் உள்ளே கூட்டமாக நடப்பதும், நூலக அறையில் நடந்த ஆங்கில வகுப்புக்கு மொழி கற்பதைவிடப் பேச்சுத்துணைக்காக வருவதும் அவர்களுடைய சேவைகளாயின. தனியே பேருந்தில் ஏறி மருத்துவரிடம் போய்வந்த ஓர் அம்மையாருக்கு அன்று மாலை வகுப்பில் எல்லாரும் கைதட்டியது கட்டுரையாளருக்கு நினைவிருக்கிறது. அவர் ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர். இளைஞர் குழு மோதல்கள் செய்தியான 1990களின் பிற்பகுதியில் இளைஞருக்கெனத் தனி அமைப்புகளும் எழுந்தன. அவற்றின் வரலாற்றை அவற்றில் வளர்ந்தவர்களே எழுதுவது பொருத்தம்.

சன் சீ கப்பல் 492 தமிழரோடு 2010 ஓகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்தபோது, ரொறன்ரோவில் தமிழ் வழக்கறிஞர், தமிழ் மருத்துவர், பயிற்சிபெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் இருந்தனர். 1986இல் இல்லாத அனைத்தும் அப்போது இருந்தன. ஆனால் வந்தவர்கள் ஓராண்டு அனுமதி பெறவில்லை, தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர், பலர் மாதக்கணக்கில். காவலிலிருந்து வெளியே வந்து வழக்குக்குக் காத்திருந்தவர்களுக்குத் தங்க இடம் தேடியவர்கள், முன்னர் படகில் வந்தவர்களும் பஃபலோவில் பாய் விரித்தவர்களும் ஆவர். கூட்டாட்சி நிதியில் நடந்த குடியமர்வுத் திட்டங்களின் தகுதி விதியில் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் மாற்றம் எதுவும் நேர்ந்திருக்கவில்லை.

அதே விதி 2023 கோடையில் வேறு மக்கள்மீது விழுந்தது. ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்த அகதிக் கோரிக்கையாளர்களைத் தன் புகலிடங்களில் ஏற்க இடமில்லை என்று ரொறன்ரோ நகராட்சி மத்திய அரசின் பக்கம் கைகாட்ட, மத்திய அரசு வீடற்றோர் பொறுப்பு நகருடையது என்று சொல்ல, பீற்றர் தெருவிலிருந்த பதிவு நிலையத்துக்கு வெளியே பலர் நடைபாதையில் படுத்தனர். யூலையில் மத்திய அரசு ரொறன்ரோவுக்கு 9 கோடி 70 இலட்சம் டொலர் ஒதுக்கியது. பணம் வருவதற்கு முன்பே கறுப்பினக் கிறித்தவச் சபைகள் சில பேருந்துகளைக் கொண்டுவந்து அவர்களை ஏற்றிச்சென்று தம் வழிபாட்டு மண்டபங்களில் மெத்தை விரித்தன; படிவங்களை நிரப்ப அங்கு அமர்ந்தவர்களில் பலர், தாமும் ஒருகாலத்தில் அவ்வாறு வந்தவர்களே.